புதருக்குள் ஒரு வால்

எங்கள் சித்தப்பாவுக்கு வனப் பூங்காவில் வழிகாட்டி வேலை. காக்கித் தொப்பி, கழுத்தில் பைனாகுலர், எந்த மிருகத்துக்கும் அஞ்சாத மீசை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவர் ஒரு சிறுத்தையைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அவர் ஜீப்பில் ஏறிய எவரும் சிறுத்தையைப் பார்க்காமல் இறங்கியதும் இல்லை.

பாறை வளைவு வந்ததும் ஓட்டுநர் எஞ்சினை அணைப்பார். சித்தப்பா உதட்டில் விரல் வைப்பார். பிறகு இடதுபக்கப் புதரைக் காட்டி, பாதி மூச்சில், “வால்” என்பார். அவ்வளவுதான். மிச்சத்தை டிக்கெட் வாங்கியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒருவருக்குப் புள்ளி தெரியும், இன்னொருவருக்குக் காது. ஒன்றும் தெரியாதவர் வெளியே சொல்லமாட்டார். காசு கொடுத்தவருக்குக் கண் மட்டும் குறையா என்ன?

சித்திக்கு இது ஆகவில்லை. ஊரை ஏமாற்றுவதற்குப் பதில், தன் அண்ணனின் டயர் கடையில் போய் உட்காரலாம் என்பது அவள் கட்சி. மச்சான் முன்னால் கைகட்டி நிற்பதைவிடச் சிறுத்தை வாயில் தலையைக் கொடுக்கலாம் என்று சித்தப்பா நினைத்தார். அதற்கும் சிறுத்தை வேண்டுமே. கடைசியில் சித்தி தீர்த்துச் சொல்லிவிட்டாள்: அவளே ஒருநாள் வருவாள். பார்த்தால் காடு, பார்க்காவிட்டால் டயர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜீப்பின் பின்னிருக்கையில் சித்தி, அவளுக்கு முன்னால் ஒரு வங்கி மேலாளரும் அவர் மனைவியும். சித்தப்பா மான்களைக் காட்டினார். இவர்கள் மான்களை மதிக்கவில்லை. மான்களும் இவர்களை மதிக்கவில்லை. பாறை வளைவில் வண்டி நின்றது. சித்தப்பாவுக்கு வியர்த்தது. கட்டிய மனைவியின் கண்ணெதிரே ஒரு வாலை உண்டாக்குவது லேசான காரியமா?

“வால்” என்றார்.

மேலாளர் எழுந்து ஒரு பழுத்த இலையை விடாமல் படமெடுத்தார். அவர் மனைவிக்குக் காது தெரிந்துவிட்டது. இந்தக் கூத்தைப் பார்க்கச் சகிக்காமல் சித்தி முகத்தை வலதுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

அங்கே சிறுத்தை நின்றது. அசல் சிறுத்தை. வரிசையாகத் தெரிந்த முதுகுகளைப் பார்த்தது, சித்தியைப் பார்த்தது, சாவகாசமாகப் பாறைக்குப் பின்னால் போய்விட்டது. சித்திக்கு நாக்கு எழவில்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சித்தப்பா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

“உங்க அண்ணன்கிட்ட சொல்லிடு. நாளைக்கே வந்துடறேன்.”

“ஒண்ணும் வேணாம். நீங்க காட்டுக்கே போங்க. நான் பாத்துட்டேன்.”

“எதை?”

“சிறுத்தையத்தான். முழுசா. கைய நீட்டினா தொட்டிருக்கலாம்.”

சித்தப்பாவுக்குக் கண் கலங்கியது. புருஷன் மானத்தைக் காப்பாற்ற எவ்வளவு பெரிய பொய்!

“அங்க ஒண்ணுமே இல்லடி. என்கிட்டயேவா?”

சித்தி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். புதரில் இல்லை, வலதுபக்கம் என்றாள். அவள் சொல்லச் சொல்ல அவருக்கு நெகிழ்ச்சிதான் கூடியது. இரவு அவள் தட்டை வைத்த சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டது.

மறுநாள் முதல் அவர் வலதுபக்கத்தைக் காட்டத் தொடங்கினார். முழுசா, கையை நீட்டினால் தொடலாம் என்கிறார். வாலைவிட இதற்கு வரவேற்பு அதிகம். காட்டும்போது மட்டும் அவர் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. பயணிகளின் முகங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.