பன்னிரண்டு ஜோடி வெண்கலச் செருப்புகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், இல்லாத ஒரு கோயிலுக்குள் நுழைந்தேன்.

காய்கறி வாங்கிக்கொண்டு ஒரு சந்து வழியாக வந்தேன். கடைவீடுகளுக்கு நடுவே சின்னத் திடல். உள்ளே ஒரு மரம், இரண்டு பெஞ்சு. வாசலில் வரிசையாகச் செருப்புகள். என் கால் என்னைக் கேட்கவே இல்லை... கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

போன பிறகுதான் யோசனை வந்தது. சாமி எங்கே?

எனக்கு முன்பே ஏழெட்டுப் பேர் வெறுங்காலுடன் நின்றார்கள். ஓர் அம்மா கையைக் கூப்பிவிட்டார். எந்தப் பக்கம் திரும்புவது என்றுதான் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

வெளியே வந்து குனிந்து பார்த்தால், பன்னிரண்டு ஜோடி வெண்கலம்! சிலிப்பர், பள்ளிக்கூட ஷூ, ஹை ஹீல்ஸ், கட்டுமானத் தொழிலாளியின் பூட்ஸ் – எல்லாம் தரையோடு பதித்தவை. இந்த வட்டாரத்துக்கு வந்தவர்கள் நினைவாக, என்றது பக்கத்தில் ஒரு சின்னப் பலகை. கீழே சிற்பியின் பெயர்: நித்யா. நான் குடியிருக்கும் தோ பாயோவில் என் எதிர்வீட்டுப் பெண்.

அன்று மாலையே அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். “எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டுப் போறாங்கம்மா, பிரமாதம்” என்றேன். அவள் முகம் தொங்கிப்போயிருந்தது.

“அதான் அங்கிள் பிரச்சினையே. செருப்பு மாறிப்போச்சு, காணாமப்போச்சு, தடுக்கிருச்சுன்னு ஒரே கம்ப்ளெயின்ட். மூணு மாசம் ட்ரயல்தான் குடுத்திருக்காங்க. வெள்ளிக்கிழமை கவர்மென்ட் ஆபீசர் வர்றாரு. எடுத்துடுவாங்க போல.”

பொது இடத்தில் அவளுடைய முதல் படைப்பு. இரண்டு வருட உழைப்பு. கண் கலங்கியிருந்தது, எனக்கும் மனசு கேட்கவில்லை. “நீங்க எழுதறவங்க, வந்து பேசுங்களேன்” என்றாள். எழுதுகிறவனுக்குப் பேச வரும் என்று யார் இவளுக்குச் சொன்னது?

இருந்தாலும் நான்கு நாள் ஒத்திகை பார்த்தேன். ஆற்றோரம் கைகட்டி நிற்கிறாரே, இந்த ஊரை உருவாக்கியதாகச் சொல்லப்படும் வெள்ளைக்காரர் சிலை... அவர் காலடியில் நின்று எத்தனை ஐஸ்கிரீம் சாப்பிட்டிருப்பேன்! ஒரு தடவையாவது அவருக்காகச் செருப்பைக் கழற்றியிருக்கிறேனா? இவள் செய்த சிலிப்பர் கழற்ற வைத்துவிட்டதே! இதுதான் என் வாதம். பிரமாதமான வாதம் என்றே நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் திடலில் கூடினோம். ஆபீசர் குமரன் நம் ஆள்தான், நல்ல மனிதரும்கூட. நான் வெள்ளைக்காரர் சிலை வரை போவதற்குள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

“புரியுது சார். ஆனா ரூல் இருக்கு லா. சுத்தி வேலி போட்டு, ‘காலணியைக் கழற்ற வேண்டாம்’னு நாலு மொழியில போர்டு வெக்கணும். இல்லைன்னா எடுத்துடணும்.”

நித்யா தரையைப் பார்த்தபடி நின்றாள். “வேலி போடறதா இருந்தா எடுத்துடுங்க சார்.”

என் வாதம் எல்லாம் காலி.

அப்போது கையில் சாப்பாட்டுப் பொட்டலத்துடன் ஒரு தொழிலாளி வந்தார். நாற்பது வயது இருக்கும். வெண்கல பூட்ஸுக்குப் பக்கத்தில் தன் பூட்ஸை ஒழுங்காக ஒட்டி வைத்துவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

குமரன் விடவில்லை. நேரே போய்க் கேட்டார். “அண்ணே, இது கோயில் இல்ல. ஏன் கழட்டுறீங்க?”

“தெரியும் சார். தினமும் வர்றேன்ல” என்றார் அவர். “சேத்து பூட்ஸோட எங்க உக்காந்தாலும் ஒரு மாதிரி பாப்பாங்க. இங்க வாசல்லயே பூட்ஸ் வெச்சிருந்துச்சு. சரி, நம்ம ஆளுங்களும் வர்ற இடம்தான்னு வந்துட்டேன். உக்காரக் கூடாதுங்களா?”

“சாப்பிடுங்க, சாப்பிடுங்க” என்றார் குமரன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். அப்புறம் நித்யாவிடம், “பக்கத்துல ஒரு ஷூ ரேக் வெச்சுடலாமா? ரிப்போர்ட்ல நான் எழுதிக்கறேன்” என்றார்.

ரேக் வந்துவிட்டது. ஆளுயர எவர்சில்வர்; பளபளவென்று நிற்கிறது. போன ஞாயிறு நித்யாவும் நானும் பார்க்கப் போனோம். நிஜச் செருப்புகள் எல்லாம் வழக்கம்போல வெண்கல வரிசையை ஒட்டித் தரையில்தான் கிடந்தன. ரேக்கில் ஒன்றுகூட இல்லை. அதன் முன்னால் போஸ் கொடுத்தபடி ஒரு கூட்டம். ஒருவர் தன் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: “காலியா விட்டிருக்காங்க பாரு... அதுலதான் மெசேஜ்.”

“போய்ச் சொல்லிடவா?” என்றேன்.

“விடுங்க அங்கிள்” என்றாள் நித்யா, பெஞ்சுகளைப் பார்த்தபடி. இரண்டிலும் இடமில்லை. “என்னோடதுக்கு ஆள் இருக்கு.”