கரையாத முகம்

அம்மா இறந்த மறுநாள் காலை குழி வெட்டுபவரிடமிருந்து அண்ணனுக்குப் போன் வந்தது. "சார், கொஞ்சம் வந்துட்டுப் போங்க. லேடீஸ் யாரையும் இட்டுகினு வராதீங்க" என்றாராம். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

தாம்பரத்தைத் தாண்டி, ஏரியை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரே ஒரு குழிதான். அப்பாவை அங்கே புதைத்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அதைத் திறந்து, எலும்புகளைத் துணியில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, மாலையில் அம்மாவின் பெட்டியை இறக்குவதாக ஏற்பாடு. இடம் இல்லாத ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம்.

குழி வெட்டுபவர் மண்வெட்டியைத் தள்ளிப் போட்டுவிட்டுச் சுற்றுச்சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். "முப்பது வருஷமா வெட்டிகினு கீறேன். எலும்பு இல்லம்மா. ஆளே கீறாரு."

எட்டிப் பார்த்தேன். பெட்டியின் பலகைகள் மக்கிப் போயிருந்தன. அடியில் சேற்றுத் தண்ணீர். அதற்குள் அப்பா படுத்திருந்தார். கைவிரல்கள் எலும்பாகிவிட்டிருந்தன. ஆனால் கன்னம், தாடைக்குக் கீழே தொங்கிய சதை, தொப்பை எல்லாம் அப்படியே, சாம்பல் கலந்த வெள்ளையில். கண்கள் இருந்த இடம் மட்டும் குழிந்திருந்தது. ஏதோ சொல்ல வந்து நிறுத்தியதுபோல் வாய் லேசாகத் திறந்திருந்தது.

அண்ணன் திரும்பிப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். குரோம்பேட்டையில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். மூன்று வாரம் முன்புதான் கொழுப்புப் பாடத்தை முடித்திருந்தேன். ஒரு கிளிசரால், அதில் தொங்கும் மூன்று கொழுப்பு அமிலங்கள். இவ்வளவுதான் நம் தொப்பையும் கன்னமும். பசி வேளைக்கு உடம்பு எடுத்து வைத்திருக்கும் சேமிப்பு. காற்று புகாத ஈர மண்ணில் பாக்டீரியா அந்த மூன்றையும் கிளிசராலிலிருந்து பிரித்துவிடும். பிரிந்த அமிலங்கள் இறுகும், மண்ணிலுள்ள கால்சியத்தோடு சேரும். சேர்ந்தால் கிடைப்பது ஒரு வகை சோப்பு. மெழுகுபோலக் கெட்டியாகி, வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். அப்பா நல்ல குண்டு. மழை நாளில் புதைத்தோம், பிளாஸ்டிக் தாளில் சுற்றி.

இத்தனையும் தெரிந்துதான் குழிக்குள் இறங்கினேன். கன்னத்தைத் தொட்டேன். நகம் பட்ட இடத்தில் ஒரு கோடு விழுந்தது. குளிர்ச்சியாக, வழவழப்பாக இருந்தது. பழைய பாலாடைக்கட்டியின் புளித்த வாடை.

மேலே ஏறியதும் குழாயடிக்குப் போனேன். அங்கே யாரோ விட்டுப்போன சோப்புத் துண்டு ஒன்று கிடந்தது. அதை எடுக்க என்னால் முடியவில்லை. வெறும் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். விரலில் படிந்திருந்த மெழுகின் மேல் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது.

திரும்பி வந்தபோது குழிக்கரையில் அத்தை முழங்காலிட்டிருந்தாள். அப்பாவின் அக்கா. பல்லாவரத்திலிருந்து சாவு வீட்டுக்கு வந்தவள், விஷயம் காதில் விழுந்து ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள்.

"பாத்தியா கண்ணு, என் தம்பிய மண்ணு தின்னல. ஆண்டவர் வச்சிருக்காரு."

அவள் அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஃபாதர் வந்து பார்த்துவிட்டு, மூடச் சொன்னார். இரண்டு வரிசை தள்ளி அம்மாவுக்குப் புது இடம் கொடுத்தார். நாற்பத்தாறு வருடம் ஒன்றாக இருந்தவர்கள் தனித்தனியாகப் போனார்கள்.

அதோடு முடியவில்லை. அத்தை வாரா வாரம் வந்தாள். பிறகு அவளோடு நான்கு பேர் வந்தார்கள். அப்பாவின் கல்லறை மேல் மெழுகுவத்திகள் எரிய ஆரம்பித்தன. யாரோ ஒரு கைக்குழந்தையைக்கூட அதன்மேல் கிடத்தி எடுத்தார்களாம். "உங்க அத்தைகிட்ட நீங்கதாம்மா பேசணும், நீங்க படிச்சவங்க" என்றார் ஃபாதர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். அத்தை தனியாக உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் சொல்வதைவிடப் பொறுமையாகச் சொன்னேன். கொழுப்பு, ஈரம், காற்றில்லாத மண், சோப்பு. முழுசாகக் கேட்டாள்.

"சரி கண்ணு. எல்லார் உடம்புலயும் கொழுப்பு இருக்குல்ல?"

"இருக்கு அத்தை."

பக்கத்துக் கல்லறையைக் காட்டினாள். "இவரையும் அதே மாசம்தான் வச்சாங்க. உங்கப்பாவ விடக் குண்டு. போன வருஷம் இதத் தொறந்தாங்க, நான் இருந்தேன். வெறும் எலும்பு. ரெண்டு பேரும் ஒரே தண்ணிலதானே படுத்திருந்தாங்க?"

பிளாஸ்டிக் தாளாக இருக்கலாம், மண் ஓரடிக்கு ஓரடி மாறலாம் என்று இழுத்தேன். கடைசியில், "தெரியல அத்தை" என்றேன்.

அவள் ஜெயித்ததுபோல் காட்டிக்கொள்ளவில்லை. பையிலிருந்து ஒரு மெழுகுவத்தியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "உங்கம்மாவுக்கு ஒண்ணு ஏத்திட்டு வா. அது தனியா கிடக்கு."

இரண்டு வரிசை தாண்டிப் போனேன். காலையில் மழை பெய்திருந்தது. அம்மாவின் மண்மேட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நின்றது. அம்மா ஒல்லி, கடைசி வருடத்தில் எலும்பும் தோலும்தான். அவளுக்கு அப்படி எதுவும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வத்தியை ஏற்றாமல், அந்தத் தண்ணீரையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.