முனிரத்னா ட்ரவுட் மீனாக ஓடிய நாள்

திரும்பி வந்த பெட்டியைப் பிரித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. உள்ளே இருந்தவை தூண்டில் ரீல்கள். எல்லாமே எங்கள் அசெம்பிளி லைனில் நான் பாஸ் செய்து அனுப்பியவை. புகார் ஒன்றே ஒன்றுதான்: மீன் மாட்டியதும் நரம்பு, அதாவது தூண்டில் கயிறு, அறுந்துவிடுகிறதாம்.

ஓசூரில் பைக் பாகங்கள் செய்யும் பெரிய கம்பெனிகளுக்கு நடுவே எங்களுடையது சின்ன யூனிட். நான் குவாலிட்டி இன்சார்ஜ். ரீலுக்குள் டிராக் என்று ஒரு பிரேக் உண்டு. மீன் இழுக்கும்போது அது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்க வேண்டும். நாங்கள் ஸ்பிரிங் தராசை மாட்டி மெதுவாக இழுத்துப் பார்ப்போம். அளவு சரியாக இருந்தால் பாஸ்.

"சரி பண்ண முடியலன்னா ஆர்டர் கேன்சலாம். லைனை மூடிட்டு லேடீஸ நிறுத்திரலாம்" என்றார் மேனேஜர், ஏதோ ஃபேனை நிறுத்தச் சொல்வதுபோல. லைனில் இருந்தவர்கள் எல்லாரும் கான்ட்ராக்ட் பெண்கள். அன்று மாலையே அவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன்.

மறுநாள் ரீல் வாங்கும் பெங்களூர்க்காரரே நேரில் வந்தார். எல்லையில் ஜூஜுவாடி டிராஃபிக்கில் மாட்டி, வரும்போதே சூடாக இருந்தார்.

"எங்க டெஸ்ட்ல எல்லாம் ஓகே சார். உங்க நரம்புதான் மெல்லிசு" என்றேன்.

"மெல்லிசாத்தான் போடணும் மேடம். ரெயின்போ ட்ரவுட்டுக்குக் கண்ணு ஷார்ப்பு. தடி நரம்புன்னா கிட்டயே வராது. நீங்க அந்த மீனைப் பார்த்திருக்கீங்களா?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜிலேபி மீன்தான், அதுவும் குழம்பில். அதைச் சொன்னதும் மனுஷர் சிரித்துவிட்டார். பிறகு கோபத்தை மறந்து பேச ஆரம்பித்தார்.

"அதுக்குச் சில்லுனு ஓடுற தண்ணி வேணும். ஊட்டி, மூணாறு மலையில இருக்கு. கல்லு மறைவுல ஓட்டத்தைப் பார்த்தே நிக்கும். மிதந்து வர்ற பூச்சியைச் சட்டுனு கவ்வும். முள்ளு குத்திச்சோ, ஒரே பாய்ச்சல்! தண்ணிக்கு மேல எகிறும். அந்தப் பாய்ச்சலுக்காகத்தான் எங்கெங்கிருந்தோ வர்றாங்க. அங்கதான் உங்க ரீல் கவுத்துருது."

ரீலைக் கையில் பிடித்துக்கொண்டு, "யாராச்சும் மீனா ஓடுங்க" என்றார். அசெம்பிளியில் இருந்த முனிரத்னா முன்னால் வந்தாள். நரம்பு நுனியைத் துணி சுற்றிய கையில் பிடித்துக்கொண்டு ஒரே எட்டுதான் பாய்ந்தாள். பட்டென்று அறுந்தது.

ரீலைக் கழற்றினோம். டிராக் வாஷரில் கெட்டி கிரீஸ். கையால் சுற்றினால் வழுவழுவென்று இருக்கும், ஆனால் சும்மா கிடந்தால் ஒட்டிக்கொள்ளும். மெதுவாக இழுத்தால் மெதுவாக விடும். திடீரென்று இழுத்தால் விடுவதற்குள் நரம்பு போய்விடும். லேசான கிரீஸுக்கு மாறினோம். ராத்திரி முழுக்க ரீலை அப்படியே கிடத்திவிட்டு, காலையில், ஓசூரிலேயே தங்கிவிட்ட பெங்களூர்க்காரர் முன்னால், மறுபடி ஓட்டம்.

முனிரத்னா பாய்ந்தாள். ரீல் கிர்ரென்று கத்தியது. நரம்பு அறுந்துபோகவில்லை. அவள் நிற்கவும் இல்லை. கேன்டீனைத் தாண்டி கேட் வரைக்கும் ஓடினாள். ஸ்பூலில் நரம்பு தீரப்போகிறது என்று பெங்களூர்க்காரர் பதற, மேனேஜர் "போதும்மா, நில்லு!" என்று கத்தினார்.

மூச்சு வாங்க நின்றவளிடம், "எதுக்கும்மா இவ்வளவு தூரம்?" என்றார் மேனேஜர்.

"அறுந்தா எங்க எல்லாருக்கும் வேலை போயிரும்னு மேடம் சொன்னாங்க சார். அதான் ஓடுனேன். அந்த மீனு மட்டும் வெளாட்டுக்கா ஓடுது?"

ஆர்டர் தப்பியது, லைனும் தப்பியது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எதையும் டெஸ்ட் பண்ணும்போது, இழக்க ஒன்றும் இல்லாதவர் மாதிரி இழுத்துப் பார்க்காதீர்கள்.