விஜயா மன்னிக்கவில்லை

விஜயா இறந்த செய்தி எனக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்தது. அவள் மகள் கவிதாதான் போனில் பேசினாள். "ஷமீம் ஆன்ட்டி, அம்மா போய்ட்டாங்க." பஸ் சத்தத்தில் எனக்குப் புரியவில்லை. "எங்க போய்ட்டாங்க? இன்னிக்கு வேலைக்கு வரலையா?" என்று கேட்டேன். அந்தப் பெண் அழுதபோதுதான் புரிந்தது. நெஞ்சுவலி என்று வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. டிரைவரிடம் சொல்லி உடனே இறங்கிக்கொண்டேன். பள்ளிகொண்டாவில் இருக்கும் அவள் வீட்டுப் பக்கமாக இன்னும் கொஞ்ச தூரம் அந்தப் பஸ்ஸிலேயே போயிருக்கலாம் என்பது இறங்கிய பிறகுதான் உறைத்தது.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுத உட்கார்ந்தும் பலமுறை எழுந்து போய்விட்டேன். அவள் படத்தைக் குரூப்பில் போட்டு, 'யார்மேலும் கோபம் வைக்காதவர்' என்று நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்ததும் இருப்புக்கொள்ளவில்லை. அவள் லைனில் வேலை பார்த்தவர்கள் நீங்கள். உங்களில் பலர் பிறகு வந்தவர்கள். அதனால் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் இருவரும் ஷூவின் மேல்பாகம் தைப்பவர்கள். அடுத்தடுத்த மெஷின். தயாளன் எங்கள் சூப்பர்வைசர். ஒரு வெளிநாட்டு ஆர்டருக்குச் சரியான நூல் தீர்ந்துவிட்டது. "இருக்கறத போட்டுத் தை, அர்ஜென்ட்" என்று விஜயாவிடம் மெல்லிய நூலைக் கொடுத்தார் தயாளன். வாங்க வந்தவர்கள் சோதித்துப் பார்த்தபோது தையல் பிரிந்தது. மேனேஜர் கத்தினார். தயாளன் சற்றும் யோசிக்காமல் விஜயாவைக் கைகாட்டினார். "இவளாவே நூலை மாத்திட்டா சார்." நான் எழுந்து, "நீங்கதானே சார் குடுத்தீங்க" என்றேன். "உக்காரு!" என்று அதட்டினார்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க, பிரிந்த ஷூவைக் கையில் தூக்கிப் பிடித்தபடி கேன்டீன் வாசலில் அவளை நிற்க வைத்தார்கள். எல்லோரும் அவளைக் கடந்துதான் சாப்பிடப் போனோம். நம் ஊரில் செருப்பைக் கையில் கொடுத்து ஒருத்தியை நிறுத்துவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் வரமாட்டாள் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் வந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். "வராம போனா அந்தாளு சொன்னது நெஜமாயிடும் ஷமீம்" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு வெகுநாள் கேன்டீனுக்குள் அவள் கால் வைக்கவில்லை. அந்த நேரத்தில் செக்கிங் மேசையருகே நின்று, எந்தத் தையல் ஏன் பிரிகிறது, எந்தத் தோலுக்கு எந்த ஊசி என்று கேட்டுக்கொண்டிருப்பாள். இன்னொரு பழக்கமும் வந்தது. யார் எதைச் செய்யச் சொன்னாலும் லைன் முழுக்கக் கேட்கும்படி திருப்பிச் சொல்வாள்: "நூலை மாத்தச் சொல்றீங்க, சரிதானே சார்?" தயாளனுக்கு முகம் சிவக்கும். "வாயால வர்ற ஆர்டரு நாலு பேர் காதுல விழணும்" என்பாள். பிறகு லைனில் இருந்த எல்லோருக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது.

அவளே சூப்பர்வைசரான பிறகு நடந்தது இது. வேலை நெருக்கடியில், புதிதாக வந்த ஒரு பெண் கோணலாகத் தைத்ததை உயரத் தூக்கிக் காட்டி, "இதைப் பாருங்கடி, இன்னா லட்சணம்!" என்று கத்திவிட்டாள். தூக்கிய கை அப்படியே நின்றது. அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். மெஷின்களை நிறுத்தச் சொன்னாள். "நான் பண்ணது தப்பு. மன்னிச்சுக்கம்மா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு நான் கேட்டேன். "நாலு பேர் முன்னாடி அவமானப்படுத்திட்டு மூலையில போய் மன்னிப்புக் கேக்கறதா? அது எனக்கு வேணாம்னுதானே தயாளன் கிட்ட சொன்னேன்" என்றாள்.

தயாளன் அவளைத் தேடி வந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ரிட்டயர் ஆனபின் பஸ் ஸ்டாப்பில் பார்த்து, மெதுவான குரலில் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். "கேன்டீன் வாசல்ல வந்து சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். அவர் வரவில்லை.

சாவுக்கு வந்தார். மாலை போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தங்கமான பொண்ணு. என்னைக்கூட மன்னிச்சிடுச்சு" என்றார்.

நான் எழுந்து நின்றது எனக்கே தெரியவில்லை. "மன்னிக்கல சார். அவ கேட்டத நீங்க செய்யவே இல்ல."

"சாவு வீட்ல இன்னா ஷமீம் பாஜி இது?" என்று யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். தயாளன் தலையைக் குனிந்துகொண்டார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். வாய்க்குள் ஏதோ சொன்னார். "இன்னா சொல்றாரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அவர் குரலை உயர்த்த வேண்டியதாயிற்று. "அன்னிக்கு நூலை மாத்தச் சொன்னது நான்தான். விஜயா மேல தப்பில்ல."

கவிதா என்னைப் பார்த்தாள். "எந்த நூலு ஆன்ட்டி? அம்மா எதுவுமே சொல்லலையே."

இத்தனை வருஷமாக வீட்டில் விஜயா ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மூடி வைத்ததை நான் திறந்தது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை. கவிதா ஒன்றுதான் கேட்டாள். "அம்மா அழுதாங்களா?"

"அங்க அழல. பஸ்ல அழுதா" என்றேன்.

மன்னித்தால்தான் மனம் ஆறும் என்கிறார்கள். அவளுக்கு ஆறவில்லை. ஆறாத மனத்தோடுதான், தனக்கு நடந்தது தன் லைனில் இன்னொருத்திக்கு நடக்காமல் பார்த்துக்கொண்டாள். அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஆறாத மனத்தைத்தான். அவள் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். வரப்போகிறவர் எடுத்ததற்கெல்லாம் சத்தம் போடுகிறவர் என்று கேள்வி. போடட்டும். நான் பக்கத்து லைனில்தான் இருக்கிறேன்.