கப்பல் மரம் வராத வருஷம்

1. தந்தி

கொழும்பு ஏஜண்டின் தந்தி வந்தபோது ஹட்டனில் நாலாவது நாளாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. இந்த மாதம் பைன் மரம் இல்லை, அடுத்த கப்பலும் நிச்சயமில்லை என்று இரண்டே வரி. அதை மூன்று தடவை படித்துவிட்டு மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். முதலாளியிடம் எழுந்து போகக் கால் வரவில்லை. மரம் இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. இலங்கை மலைநாட்டு ஊரான ஹட்டனில் ஒரு மரக்கடையில் நான் கிளாக்கர். டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன்; கொஞ்சம் இங்கிலீஷ் படித்திருந்ததால் கொழுந்துக்கூடைக்குப் பதிலாகப் பேனா கிடைத்தது. முதலாளி கமால்தீன், தமிழிலும் சிங்களத்திலும் எந்த மலையையும் புரட்டிவிடுவார். இங்கிலீஷ் கடிதங்களை மட்டும் நான் படித்துச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் லயக் கூரை என்றால் பைன் கைமரம், அதன்மேல் ரீப்பர், அதன்மேல் தகரம். பைன் நேராக இருக்கும், காய்ந்து வரும், ஆணி அடித்தால் வெடிக்காது. கப்பலில் கொழும்புக்கு வந்து, கூட்ஸ் ரயிலில் மலையேறி எங்களிடம் வரும். தோட்டத்துத் தச்சர்கள் 'நாலுக்கு ரெண்டு கப்பல் மரம்' என்றுதான் கேட்பார்கள்.

ஏஜண்டின் கடிதங்களில் வரும் விலையை நான் ஒரு நோட்டில் எழுதி வைத்து வந்தேன். தொடர்ந்து மூன்று கடிதத்தில் விலை இறங்கியது. எனக்குப் பெரிய வியாபாரி ஆகிவிட்ட நினைப்பு.

"ரெண்டு மாசம் பொறுத்து ஓடர் போடுவோம் மொதலாளி. இன்னும் எறங்கும்" என்றேன்.

"ஏன் எறங்குது தம்பி?"

"எறங்கிக்கிட்டே வருதுங்களே."

அவர் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு சரி என்றார். அந்தக் கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அதற்கான பதில், தந்திக்குப் பின்னால் வந்த ஏஜண்டின் கடிதத்தில் இருந்தது. ஆஸ்திரேலியாவில் யுத்தம் முடிந்ததிலிருந்து ஜனங்கள் வந்து குவிகிறார்களாம். அங்கே வீட்டுக்குச் சுவர் எழுப்புவதே மரச்சட்டத்தில்தான். அவர்கள் நட்ட பைன் தோட்டங்கள் இன்னும் வெட்டும் வயதுக்கு வரவில்லை. அதனால் அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் வாங்குகிறார்கள். நடுவில் அவர்கள் அரசாங்கம் வெளிநாட்டுச் சரக்குக்குக் கட்டுப்பாடு போட்டதும் அங்குள்ள வியாபாரிகள் வாங்குவதை நிறுத்தினார்கள், விலை இறங்கியது. கட்டுப்பாடு தளர்ந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வாங்க வந்துவிட்டார்கள். எங்களுக்கு வர வேண்டிய மரமும் அந்தப் பக்கம் போய்விட்டது. மரம் மலிந்ததால் விலை இறங்கவில்லை. பெரிய வாங்குபவன் ஒருவன் கொஞ்ச நாள் சந்தைக்கு வராமல் இருந்திருக்கிறான், அவ்வளவுதான்.

தந்தி வந்த அதே வாரம், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் காற்று இரண்டு லயங்களின் கூரையைப் பிய்த்து எறிந்தது. லயத்துக்குப் பன்னிரண்டு காம்பரா, அறைக்கு ஒரு குடும்பம். இருபத்து நாலு குடும்பங்கள், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவிலும் பள்ளிக்கூடத்திலும் அடைந்து கிடந்தன. தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா நனைந்த கோட்டோடு கடைக்கு வந்து மரம் கேட்டார்.

அவர் முன்னாலேயே நான் முதலாளியிடம் தந்தியைப் படித்தேன். "தப்பு என்னுதுங்க" என்றேன்.

"நீ சொன்னே. முடிவெடுத்தது நான்" என்றார் முதலாளி. "அத அப்புறம் பேசுவோம். யார்டுல எவ்வளவு கெடக்குன்னு போய்ப் பாரு."

2. ஹோட்டல்காரர்

யார்டில் கிடந்த பைன் ஒரு லயத்துக்குத்தான் காணும். எல்லாத் துண்டையும் அளந்து பார்த்துவிட்டேன்.

மறுநாள் காலை நுவரெலியாவிலிருந்து ஒரு ஹோட்டல் மனேஜர் காரில் வந்து இறங்கினார். நடனமண்டபத்தைப் பெரிதாக்குகிறார்களாம். மலைநாட்டில் எந்தக் கடையிலும் பைன் இல்லை என்பதை விசாரித்துக்கொண்டே வந்திருந்தார். இருப்பது முழுவதையும் இரட்டை விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

முதலாளி அவருக்குப் பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார். "ஒங்களுக்கு அடுத்த சீசனுக்குத்தானே மண்டபம் வேணும்?"

"ஆமா. ஆனா இப்பவே வேலையத் தொடங்கணும்."

"தோட்டத்துல இப்பவே நனையிறாங்க. ஒங்க ஆளுங்க டான்ஸ் ஆடுறதுக்கு இன்னும் நாள் கெடக்கு. கோவிச்சுக்காதீங்க."

மனேஜர் டீயைக் குடிக்காமலே போனார். அன்று மத்தியானமே பைன் முழுவதும் லொறியில் தோட்டத்துக்கு ஏறியது. அதற்குப் பிறகு அந்த ஹோட்டல் எங்களிடம் ஒரு பலகைகூட வாங்கவில்லை.

3. செபமாலை அக்கா

இன்னொரு லயத்துக்கு என்ன செய்வது? கண்டாக்கு ஐயா ஒரு வழி சொன்னார். கூரையைப் பிய்த்த அதே காற்று, பங்களாவுக்குப் போகும் ரோட்டோரத்துச் சைப்ரஸ் மரங்களையும் வரிசையாகச் சாய்த்துவிட்டது. அவற்றை அறுத்துக் கைமரம் போடலாம் என்றார். மரம் எங்கள் கடையின் அறுவை மில்லுக்கு வந்தது. அறுத்ததும் அப்படியே கொண்டுபோய் ஏற்றிவிட வேண்டும் என்பது அவருடைய அவசரம். அவரைக் குறை சொல்ல முடியாது; தினமும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அந்த ஜனங்களின் முகத்தைப் பார்த்தாக வேண்டியவர் அவர்.

"வேணாங்க" என்று ஒரு குரல் கேட்டது. யார்டில் மரம் அடுக்கும் செபமாலை அக்கா. சாக்கை மடித்துத் தலையில் போட்ட கொங்காணியோடு மழையில் நின்றுகொண்டிருந்தார்.

அவரைப்பற்றிச் சொல்ல வேண்டும். அதே தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பன்னிரண்டு வருஷம் விறகு அடுக்கியவர். புருஷன் ஹட்டன் ஸ்டேஷனில் கூட்ஸ் ஏற்றுகிற வேலைக்கு வந்தபோது கூடவே டவுனுக்கு வந்து எங்களிடம் சேர்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு கட்டையைத் தூக்கிப் பார்த்தே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதை நான் அதுவரை ஒரு வேடிக்கையாக மட்டுமே பார்த்திருந்தேன்.

"பச்சை மரத்த மேல ஏத்துனா காயக் காய முறுக்கிக்கும்ங்க" என்றார் அவர். "ஆணியப் புடுங்கிரும். அடுத்த காத்துக்குத் தகரம் பறக்கும். கீழ புள்ளைங்க படுத்திருக்கும்."

"இந்த மழையில எங்கேம்மா காயவைக்கிறது?" என்று கண்டாக்கு ஐயா எரிந்து விழுந்தார். "வருஷக் கடைசி ஆயிரும்."

"கொழுந்து வாட்டுற மாதிரி வாட்டலாங்க."

தேயிலை ஸ்டோரின் மேல்மாடியில் சூடான காற்றை விட்டுத்தான் கொழுந்தை வாட்டுவார்கள். ஆனால் தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். சைப்ரஸ் வாசனை ஏறிய தூளை யார் வாங்குவார்கள்? கண்டாக்கு ஐயா அதைச் சொல்லிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"ஓடுற ஸ்டோர் இல்லைங்க. கீழ் டிவிஷன்ல பூட்டிக் கெடக்குதே, பழைய ஸ்டோரு. அங்கதான் நான் வெறகு அடுக்குனேன். அடுப்பும் ஃபேனும் அப்படியே இருக்கு."

கண்டாக்கு ஐயா குடையை மடக்கினார். மடக்கியதை விரித்தார். "தொரைகிட்டக் கேட்டுப் பாக்குறேன்" என்று போனார்.

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை அனுமதி கொடுத்தார். ஸ்டோர் மெக்கானிக் பழைய எஞ்சினை ஓடவைத்தார். அக்கா மரத்தை வரிசை வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் காற்றுப் போகக் குறுக்குச் சட்டம் வைத்தார். முதல் வாரம் எல்லாரும் அவசரப்பட்டோம். அடுப்பை அதிகமாக எரித்ததில் மரங்களின் முனை வெடித்தது. மூன்றில் ஒரு பங்கு வீணானது. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த பெண்கள் வேலி ஓரமாக வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பார்வைக்கு அவர்கள் திட்டியிருந்தாலே தேவலை.

அக்கா வெடித்த துண்டு ஒன்றை எடுத்து அதன் முனையை விரலால் தடவிப் பார்த்தார். தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

"முனை வழியாத்தான் ஈரம் ஓடுது கிளாக்கரய்யா. நடுவுல நிக்குது. அதான் வெடிக்குது" என்றார். மாட்டுப் பட்டியிலிருந்து சாணி கொண்டுவரச் சொல்லி எல்லா முனைகளிலும் கெட்டியாகப் பூசினார். அடுப்பைப் பாதியாகக் குறைத்தார். யார் வந்து அவசரப்படுத்தினாலும் அடுப்புக்குப் பக்கத்தில் விடவில்லை. ஒருமுறை முதலாளியையே வெளியே நிற்கச் சொன்னார். முதலாளி நின்றார்.

ஐந்தாவது வாரம் ஒரு கைமரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "போதும்" என்றார்.

4. உர மூட்டைகள்

துரைக்குச் சந்தேகம் தீரவில்லை. சைப்ரஸ் வேலிக்குத்தான் ஆகும், கூரைக்கு ஆகாது என்பது அவர் எண்ணம். ஸ்டோர் வாசலில் சோதனை வைத்தார். இரண்டு கருங்கல்லின் மேல், முதல் லயத்துக் கூரையில் மிஞ்சிய ஒரு பைன் சட்டம், பக்கத்தில் அதே அளவில் ஒரு சைப்ரஸ் சட்டம். இரண்டின் நடுவிலும் உர மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றினோம். லயத்து ஜனங்கள் சுற்றி நின்றார்கள்.

சைப்ரஸ் பைனைவிட ஒரு விரல் கூடுதலாக வளைந்தது. ஆனால் உடையவில்லை. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள்.

"இதையும் ஏத்துங்க" என்று அக்கா இன்னொரு சைப்ரஸ் சட்டத்தைக் கொண்டுவந்தார். பார்க்க முதலாவதைவிட அழகாக இருந்தது. மூன்றாவது மூட்டையில் படீரென்று இரண்டாக உடைந்தது. கைதட்டல் அடங்கிப்போனது. ஜெயித்த சோதனையை அவரே கெடுத்துவிட்டாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அக்கா உடைந்த இடத்தைத் துரையிடம் காட்டிச் சொல்லச் சொல்ல, நான் இங்கிலீஷில் மாற்றிச் சொன்னேன். "ஓரத்துல கணு இருக்குதுங்க. கணு நடுவுல இருந்தாத் தாங்கும், ஓரத்துல இருந்தா ஒடையும். இந்த மாதிரி மரத்தையெல்லாம் தனியா ஒதுக்கிட்டேன். அத யாரும் எடுத்து மேல போட்டுறக் கூடாது. அதுக்குத்தான் காட்டுனேன்."

பிறகு தச்சரைப் பார்த்துச் சொன்னார்: "கொஞ்சம் கூட வளையிற மரம். ரெண்டடிக்கு ஒண்ணு போடுற எடத்துல ஒன்றரை அடிக்கு ஒண்ணு போடுங்க."

துரை உடைந்த சட்டத்தைக் காலால் புரட்டினார். "சரி. போடு" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒதுக்கிய மரங்களில் சாக்பீஸால் நான் பெருக்கல் குறி போட்டேன். அக்கா விரலைக் காட்டக் காட்ட நான் குறி போட்டேன். இங்கிலீஷ் படித்த எனக்கு மரக்கடையில் உண்மையான படிப்பு அந்தச் சாக்பீஸில்தான் தொடங்கியது.

மறு வருஷம் காற்று தொடங்கிய மூன்றாம் நாள் பஸ் பிடித்து அந்தத் தோட்டத்துக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. சைப்ரஸ் லயத்தின் முன்னால் நனைந்துகொண்டே நின்று கூரையைப் பார்த்தேன். ஒரு தகரம்கூட அசையவில்லை. உள்ளேயிருந்து ஒரு அம்மா, "யாருங்க, என்னங்க வேணும்?" என்று கேட்டார். கூரையைக் கைகாட்டிவிட்டுத் திரும்பி வந்தேன்.

5. முதலாளியின் வீடு

அறுபதுகள் பிறந்ததும் எங்கள் அரசாங்கமே வெளிச்சரக்குக்குக் கட்டுப்பாடு போட்டது. பைன் நின்றுபோனது. மற்றக் கடைக்காரர்கள் கொழும்புக்கும் ஹட்டனுக்குமாக அலைந்தார்கள். மரம் வாட்டுவதற்கென்று நாங்களே போட்டிருந்த கொட்டகையில் அப்போது சைப்ரஸ் காய்ந்துகொண்டிருந்தது. கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டங்களில் சாயும் மரங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். இந்தமுறை என் நோட்டில் நான் விலையை மட்டும் எழுதவில்லை. எங்கே கட்டுகிறார்கள், எங்கே வெட்டுகிறார்கள், யார் வாங்காமல் நிற்கிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்று எழுதினேன். ஏன் என்பதற்குப் பதில் கிடைக்காத மாதங்களில் முதலாளியிடம் வாயைத் திறக்கவில்லை.

செபமாலை அக்கா யார்டுக்குப் பொறுப்பாளர் ஆகியிருந்தார். அவர் கண்ணில் படாமல் ஒரு சட்டம் வெளியே போகாது.

அந்தச் சமயம் முதலாளி தன் மகளின் கல்யாணத்துக்காக வீட்டுக்கு மேல்மாடி எடுத்தார். மரத்தை அவரே தேர்ந்து ஒதுக்கி வைத்திருந்தார். அக்கா அதையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, ஏழு சட்டங்களை எடுத்து வெளியே போட்டார்.

"என்ன செபமால, என் வீட்டுக்கே ஆகாதுங்கிறியா?"

"ஆகாதுங்க மொதலாளி."

"நல்ல மரமாத்தானே தெரியுது. சரி, யாராவது கேட்டா வித்துருவோம்."

அக்கா தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "ஒங்க வீட்டுக்கு ஆகாதது இன்னொருத்தர் வீட்டுக்கு எப்படிங்க ஆகும்?"

யார்டில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டோம். முதலாளி அந்த ஏழு சட்டங்களையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மில் ஆளைக் கூப்பிட்டார்.

"எல்லாத்தையும் வெறகுக்கு அறுத்துப் போடு. இப்பவே, எனக்கு மனசு மாறுறதுக்கு முன்ன."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் சந்தையின் போக்கை எப்படிப் பிடிப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் ஏன் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள் என்பேன். நான் கற்றதில் பாதி அது. மறுபாதியை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் எங்கள் முதலாளியைப் பார்த்துக் கேட்ட அந்த ஒரு கேள்வியில் கற்றேன்.