மூலை வெட்டிய அட்டை

முதல் நோயாளி எப்போதும் ஸ்டான்லிதான். புதிய கிளினிக்கில் கம்ப்யூட்டரை மேசையில் வைத்து, ஒயர்களைச் சொருகி, நோயாளிகளின் விவரங்களைப் பதியும் மென்பொருளை ஏற்றியதும், அது ஓடுகிறதா என்று பார்க்கத் தன் பெயரையே அடிக்கிறார். வயது நாற்பத்து நான்கு. ஊர் சிங்கப்பெருமாள் கோயில். வந்த காரணம்: காய்ச்சல். ஒத்துக்கொள்ளாத மருந்து: இல்லை. 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் திரை அடுத்த பக்கத்துக்கு நகராது. அங்கே தன் செல்பேசி எண்ணையே போடுகிறார். செங்கல்பட்டில் தொடங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகக் கோவளம் வரை, முப்பத்தொரு கிளினிக்குகளில் அவர் இப்படி ஒரே காய்ச்சலோடு பதிவாகியிருக்கிறார்.

மாமல்லபுரத்தில் டாக்டர் ஜோதிலட்சுமியின் கிளினிக்கில் இருபத்தேழு வருடமாக நர்ஸாக இருக்கும் சாராள், அவர் இப்படி அடிப்பதைப் பின்னால் நின்று பார்த்துக் கேட்டிருக்கிறார். "இன்னாப்பா இது, நீ மயங்கி வுழுந்தா உனக்கே போன் போட்டுச் சொல்லணுமா?"

"நான் எடுக்கலன்னா மயக்கம்தான்னு கன்ஃபார்ம் ஆயிடும்லம்மா" என்றாராம் ஸ்டான்லி.

ஒல்லியான ஆள். சட்டையின் மேல் பொத்தானையும் போட்டிருப்பார். சாம்பல் நிற ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் ஸ்கேனர், பழைய போர்வை சுற்றப்பட்டு, கயிறு கட்டி நிற்கும். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பர் ஒன்று இருக்கும். கடலோரத்தில் கம்ப்யூட்டர் திடீரென்று செத்துப்போனால் பாதி நேரம் காரணம் உப்புக்காற்றுதான் என்பது அவர் கண்டுபிடிப்பு. பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் மெமரியின் பித்தளை நிறப் பற்களை அந்த ரப்பரால் தேய்த்துவிட்டு மூடுவார். எழுந்துகொள்ளும். டாக்டர்கள் இதைக் கைராசி என்கிறார்கள்.

சிறுசேரியில் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் இரவு ஷிப்ட் பார்த்தவர். அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவேடுகளைச் சரிபார்க்கும் வேலை. பார்த்தே இராத ஊர்களில் யாருக்கு எந்த முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது, யாருக்கு எத்தனை வருடமாகச் சர்க்கரை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பிரிவையே ஒருநாள் மூடிவிட்டார்கள். அதே வருடம் மனைவி ஆவடியில் அண்ணன் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. அதைப் பற்றிக் கேட்டால், "அது வேற கதை சார்" என்பார். அந்தக் கதையை நான் இன்னும் கேட்டதில்லை. அப்பா அம்மா இல்லை. வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் பழைய மானிட்டர்கள்.

சின்ன ஊர் டாக்டர்களைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. "நான் திரையைப் பாத்துக்கிட்டிருந்தா நோயாளி மூஞ்சிய யாரு பாக்கறது" என்பதுதான் எல்லாரும் சொல்லும் முதல் மறுப்பு. ஸ்டான்லி வாதாட மாட்டார். நோயாளியின் ஸ்டூலில் தானே போய் உட்கார்ந்து, திரை இருவருக்கும் நடுவில் வராதபடி மானிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார். டாக்டரின் முகம் முழுதாகத் தெரிந்ததும் நிறுத்துவார். மேசையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "இந்தக் கோட்டத் தாண்டக் கூடாதும்மா" என்பார். மதியச் சாப்பாடு எந்த ஊரில் இருந்தாலும் பேருந்து நிழற்குடையில்தான். கிளினிக்கில் கூப்பிட்டாலும் போவதில்லை. சாப்பிடும்போது எதிரில் யாராவது இருந்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லையாம்.

ஜோதிலட்சுமி டாக்டரின் கிளினிக்கில் ஆறாயிரத்து நானூறு அட்டைகள் இருந்தன. கல் உளி பிடிக்கிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், விடுதிகளில் துணி துவைக்கிறவர்கள் என்று எல்லாருடைய இருமலும் காய்ச்சலும் மரப்பெட்டிகளில் ஊர்வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. போன மழைக்காலத்தில் ஸ்டான்லி அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். முதலில் பெயர்ப் பதிவேட்டைப் பார்த்து எல்லாப் பெயர்களையும் எண்களையும் ஏற்றினார். 'ஒத்துக்கொள்ளாத மருந்து' என்ற கட்டத்தில் எதையாவது போட்டே ஆக வேண்டும். பதிவேட்டில் அப்படி ஒரு கலமே இல்லை; புரட்டிப் பார்த்த அட்டைகளிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எனவே எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவையில் 'இல்லை' என்று போட்டார். பிறகு அட்டைகளை ஒவ்வொன்றாக ஸ்கேனரில் வைத்து, படங்களை அந்தந்தப் பெயரோடு சேர்த்தார். ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் சாராள் முட்டி ஆபரேஷனுக்காக விடுப்பில் இருந்தார்.

சில அட்டைகளில் வலதுபக்க மேல் மூலை இல்லை. எலி கடித்திருக்கும், இல்லை ஈரத்தில் மக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார் ஸ்டான்லி. வேலை முடிந்ததும் டாக்டர் அட்டைகளைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிட்டார். அட்டைப் பெட்டிகள் இருந்த அறையில் இப்போது படுக்கை ஒன்று போட்டிருக்கிறார்கள்.

சாராள் வேலைக்குத் திரும்பிய அன்று காலையில், சங்கு மாலை விற்கும் தெய்வநாயகி காலில் சீழ் வைத்த புண்ணோடு வந்திருந்தார். டாக்டர் ஊரில் இல்லை. அவருக்குப் பதிலாக வந்திருந்த இளம் டாக்டர் திரையைப் பார்த்தார். 'இல்லை' என்று பச்சை எழுத்தில் இருந்தது. பென்சிலின் ஊசி எழுதினார். இன்னொரு நர்ஸ் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது சாராள் சாப்பாட்டுப் பையோடு உள்ளே வந்து, தெய்வநாயகியின் முகத்தைப் பார்த்தார்.

"கீழ வெய்யி ஊசிய. இவங்க மூல வெட்டுன அட்டை."

அப்போதுதான் எல்லாருக்கும் விஷயம் தெரிந்தது. யாருக்காவது ஒரு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சாராள் அதை எழுதிவைப்பதில்லை. கத்தரிக்கோலை எடுத்து அட்டையின் வலது மூலையைக் குறுக்கே வெட்டிவிடுவார். கூட்டம் நெரியும் நேரத்தில் அட்டையை உருவும்போதே கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடும். எந்த மருந்து என்பது அவர் தலையில் இருக்கும். நினைவில்லாவிட்டால் நோயாளியிடம் கேட்டுக்கொள்வார். இருபத்தேழு வருடம் அது தவறியதே இல்லை. ஸ்கேனரின் மூடி வெள்ளை. வெள்ளை அட்டையில் வெட்டிய மூலை வெள்ளையிலேயே கரைந்துபோயிருந்தது.

"நான் கீறேன்ற தைரியத்துல எழுதாம வுட்டேன். என் தப்பு" என்று சாராள் அழுதாராம். செய்தி கேட்டு வந்த ஸ்டான்லி உடனே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கிறார். மூன்று நாளைக்கு முன்பே லாரி ஏற்றிவிட்டார்கள்.

அன்று மாலையே எல்லாப் பெயர்களிலும் இருந்த 'இல்லை'யை எடுத்துவிட்டு, 'தெரியாது' என்று சிவப்பில் மாற்றினார். ஊர் திரும்பிய டாக்டர் அது போதும் என்றார். இனி வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் சுயநினைவோடு வருகிறவரிடம்தான் கேட்க முடியும். சாலையில் அடிபட்டு வருகிறவர், வலிப்போடு வருகிறவர், மூச்சுவிடவே முடியாமல் வருகிறவர் என்ன சொல்வார்? எத்தனை அட்டை வெட்டியிருப்பீர்கள் என்று சாராளிடம் கேட்டால், நூறு இருக்கும் என்கிறார்; கொஞ்சம் யோசித்து, எரநூறும் இருக்கும் என்கிறார்.

அதனால் ஸ்டான்லி போன் செய்ய ஆரம்பித்தார். யாரும் சொல்லவில்லை. தினமும் நான்கு மணிக்கு, எந்த ஊரில் இருந்தாலும் அங்கே உள்ள நிழற்குடையில் உட்கார்ந்து, பட்டியலில் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். உங்களுக்கு ஏதாவது மாத்திரை, ஊசி போட்டு உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா? கேள்வி இவ்வளவுதான். பாதிப் பேர் இவரைத் திருடன் என்று நினைக்கிறார்கள். ஓடிபி கேக்கத்தானே இந்தச் சுத்து சுத்துற, என்று ஒரு பெண் கேட்டிருக்கிறார். இன்னொருவர் தன் முதுகுவலியை முக்கால் மணிநேரம் சொல்லியிருக்கிறார். ஸ்டான்லி முழுதும் கேட்டார். மறுநாளும் அதே ஆள் கூப்பிட்டார். அதையும் எடுத்தார்.

கல் உளிக்காரர்கள் தெருவில் முப்பத்தேழு பேருக்கும் ஒரே போன் நம்பர். அது முனையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் மணியுடையது. வீட்டில் போன் இல்லாதவர், இருந்தாலும் எடுக்காதவர், எண் நினைவில்லாதவர் எல்லாரும் மணி கடை நம்பரையே கொடுத்திருக்கிறார்கள். நான்காவது தடவை கூப்பிட்டதும் மணிக்குக் கோபம் வந்துவிட்டது. "நைனா, உனுக்கு வேற வேலயே இல்லியா? நேரா வந்து குந்து. ஒவ்வொருத்தரா இட்டாந்து நிறுத்தறேன்." ஸ்டான்லி போனார். சோடா கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்காரவைத்து, மணி தெருவைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூவினார். ஒரே சாயங்காலத்தில், மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் ஐந்து பேர் கிடைத்தார்கள். அன்று அங்கே இரண்டு டீ குடித்ததை ஸ்டான்லி என்னிடம் குறிப்பாகச் சொன்னார்.

எனக்கு அவர் போன் செய்தது பங்குனியில். "வசந்தா அம்மா இருக்காங்களா?"

வசந்தா என் மனைவி. அவள் போய் அப்போது பதினான்கு மாதம். இல்லை என்று சொன்னேன். இப்படிச் சொன்னால் மறுமுனையில் உடனே ஒரு வருத்தம் வரும். அடுத்து, எப்படி ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி என்று கேள்வி வரும். இவர் அப்படி எதுவும் கேட்கவில்லை. பின்னால் பேருந்து ஒன்று ஹாரன் அடித்துப் போனது. பிறகு கேட்டார்.

"அவங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காம இருந்துச்சா சார்?"

சல்ஃபா என்றேன். கல்யாணமான இரண்டாவது வருடம், உதடு வீங்கி, கண் திறக்க முடியாமல் போனதைச் சொன்னேன். அதற்கப்புறம் எந்த மருந்துக் கடையிலும் அவளுக்கு முன்பாக நான் முந்திக்கொண்டு சல்ஃபா வேண்டாம் என்று சொல்வேன். எனக்கு வாய் இல்லையா என்று கோபித்துக்கொள்வாள். அதையும் சொன்னேன். கடைசியாக அவளைச் செங்கல்பட்டுக்கு மாற்றியபோது, கிளினிக்கிலிருந்து அட்டையைக் கையில் கொடுத்தனுப்பினார்கள் என்றும், அது என்னிடம் இருக்கிறது என்றும் சொன்னேன்.

"மூல வெட்டி இருக்குதா சார்?"

நான் அதுவரை கவனித்ததில்லை. போய் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து, இருக்கிறது என்றேன்.

மறுநாள் மூன்று மணிக்கு, பூஞ்சேரியில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் சாம்பல் நிற ஸ்கூட்டர் நின்றது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். தண்ணீர் வேண்டாம் என்றார். அட்டையை மேசைமேல் வைத்தேன். உடனே தொடவில்லை. கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பிறகு எடுத்து, வெட்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்து மேலும் கீழும் ஒருமுறை தடவினார்.

"எத்தினி அட்டை இந்தக் கையில போச்சு" என்றார். "நான் எலின்னு நெனச்சேன் சார்."

போர்வையைப் பிரித்து ஸ்கேனரை எடுத்து, பையிலிருந்த லேப்டாப்போடு இணைத்தார். இப்போதெல்லாம் கூடவே ஒரு கறுப்புத் துணி வைத்திருக்கிறார். அட்டையைக் கண்ணாடியில் கவிழ்த்து, அதன்மேல் அந்தத் துணியைப் பரப்பி, உள்ளங்கையால் நீவினார். திரையில் வசந்தாவின் பெயர், சாராளின் கையெழுத்து, எடை, ரத்த அழுத்தம் எல்லாம் வந்தன. வலது மூலையில் ஒரு கறுப்பு முக்கோணம் தெளிவாக இருந்தது.

இல்லாமல் போனவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். கோபத்தில் இல்லை, கேட்கத் தோன்றியது.

"அவங்க பேர்ல நான் 'இல்லை'ன்னு எழுதி வெச்சேன் சார். அப்புறம் 'தெரியாது'ன்னு எழுதினேன். ரெண்டும் பொய்யில்லியா" என்றபடி அந்தக் கட்டத்தில் 'சல்ஃபா' என்று அடித்தார். அதற்கப்புறம்தான் இறந்த தேதியைக் கேட்டார். சொன்னேன். திரையில் அவள் பெயர் இருந்த வரி சாம்பல் நிறமானது. அட்டையைத் துடைத்து இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களில் அவள் நூற்று ஒன்பதாவது ஆள். பட்டியலில் இன்னும் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் பாக்கி.

டீ போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவர், சொல்லாமல் உட்கார்ந்தார். டம்ளர் காலியாகும்வரை எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து குடித்தார். கிளம்பும்போது வாசல் வரை போனேன். ஸ்கேனரைக் கயிற்றால் கட்டினார். ஹெல்மெட்டை மாட்டினார். சாவியைத் திருகப்போனவர் கையை எடுத்துவிட்டு, ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தூக்கினார்.

"எனக்கு வலிக்குப் போடற டைக்ளோ ஊசி ஆவாது சார்" என்றார். "ஒருவாட்டி போட்டு மூச்சு நின்னு போச்சு. முப்பத்தோரு எடத்துலயும் 'இல்லை'ன்னுதான் போட்டு வெச்சிருக்கேன்."

டைக்ளோ, என்று நான் திருப்பிச் சொன்னேன். சரியாகச் சொல்கிறேனா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, வண்டியைக் கிளப்பினார்.