நாகையா வீட்டு மோடம்

தாயில்பட்டியில் மருந்துக்காரர் ஒருவர் ஓடினால், ஏன் ஓடுகிறார் என்று யாரும் நின்று கேட்பதில்லை. முதலில் கூடவே ஓடுவார்கள். கேள்வியெல்லாம் ஓடி முடித்த பிறகுதான். மருந்து என்றால் பட்டாசுக்குள் போகிற வெடிமருந்து. அதைக் கலக்குகிறவர்தான் மருந்துக்காரர். அவர் காதுக்கு எட்டியது மற்றவர் காதுக்கு எட்டுவதற்குள் காரியம் முடிந்துவிடும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அதனால், 2005 சித்திரையில் ஒரு மத்தியான வேளை, மருந்துக்காரர் நாகையா ஒரு கையில் மனைவி சின்னத்தாயையும் மறு கையில் மகள் பானுப்பிரியாவையும் இழுத்துக்கொண்டு, “ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க!” என்று கத்தியபடி பின்வாசல் வழியாகப் பாய்ந்தபோது, தெருவே எழுந்து ஓடியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு ஓடினார்கள். எதிர்வீட்டுப் பெத்தணன் பாதி முகத்தைத்தான் சவரம் செய்திருந்தார். மீதி நுரையோடு ஓடினார். கண்மாய்க் கரையேறித்தான் எல்லோரும் நின்றார்கள்.

“எந்தக் கம்பெனி மச்சான்?” என்று மூச்சு வாங்கக் கேட்டார் பெத்தணன். கம்பெனி என்றால் அங்கே பட்டாசு ஆலை.

“கம்பெனி இல்ல. என் வீடு.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வீடு சௌகரியமாக நின்றுகொண்டிருந்தது. ஒரு பொட்டுப் புகைகூட இல்லை. கூட்டத்தின் கடைசியில், கையில் ஸ்க்ரூடிரைவரோடும் வெறுங்காலோடும் நின்ற, நாகையா வீட்டுக்கு வேலையாக வந்திருந்த சிவகாசி கம்ப்யூட்டர் கடைக்காரர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

“அண்ணே, நாம எதுக்குண்ணே ஓடியாந்தோம்?”

“ஏய்யா, ஒன் பக்கத்துலதான இருந்துச்சு அந்தப் பெட்டி? அது சீறுனது ஒனக்குக் கேக்கலையா?”

“அது மோடம்ணே! போன் லைன் வழியா இன்டர்நெட்டக் கூப்பிடுது. கீச்சுகீச்சுன்னு கத்தும், புஸ்ஸுன்னு எரையும், அப்பறம் அடங்கிரும். அடங்குனா லைன் கெடைச்சிருச்சுன்னு அர்த்தம்.”

தெரு சிரிக்கத் தொடங்கியது. பெத்தணன் கரையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “அடுப்புல சோத்தப் போட்டுட்டு வந்தேன், இந்நேரம் களியாப் போயிருக்கும்” என்று புருஷனை முறைத்துவிட்டுச் சின்னத்தாய் விறுவிறுவென்று நடந்தார். நாகையா சிரிக்கவில்லை. புகை வருகிறதா என்று இன்னும் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈரம் பட்ட மருந்து சூடேறினால், வெடிப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சீறும். அந்தச் சத்தத்தை அவர் வாழ்க்கையில் ஒரு முறை கேட்டிருக்கிறார். கேட்டதும் கத்திக்கொண்டே ஓடினார். அடுத்த அறையில் இருந்த சிநேகிதர் சங்கிலிமுத்துவுக்கும் அந்தக் கத்தல் கேட்டது, எழுந்தும்விட்டார், ஆனால் வாசலைத் தாண்டவில்லை. ஊருக்கே தெரிந்த கதைதான். ஆனால் நாகையா அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால்கூட எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். சின்னத்தாய் வாயில் என்ன பேசினாலும், தோசை சுடுவது மட்டும் புருஷன் வீட்டில் இல்லாத நேரத்தில்தான்.

வீட்டுக்கு வந்தவுடன் நாகையா செய்த முதல் வேலை, மோடத்தின் வயரைப் பிடுங்கிச் சுருட்டிக் கடைக்காரர் கையில் கொடுத்தது.

“இது நமக்கு ஆகாதுய்யா. கொண்டு போயிரு.”

“வேணும்னா சத்தம் வராம வச்சிரலாம்ணே. அதுக்கு வழி இருக்கு.”

“சத்தம் வராமப் பத்துனா எப்படிய்யா ஓடுறது? சீறுனாலாவது நம்மள எழுப்பிவிடும்.”

கடைக்காரர் பையை எடுத்துத் திறந்தார். பாவம், அவர் எந்தப் படிப்பில் இதைப் படித்திருப்பார்!

பானு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ முடித்துவிட்டு, சிவகாசிக்குப் போய், கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் அமைக்கிற டி.டி.பி. படித்த பெண். திருத்தங்கலில் பிரஸ் வைத்திருக்கும் சுந்தரபாண்டி அண்ணாச்சிக்குப் பட்டாசுப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பாள். பிரஸ்ஸில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்தான் இந்த வீட்டில் இருந்தது. வரைந்ததை சிடியில் போட்டு பஸ் ஏறித் திருத்தங்கல் போனால், அங்கே ஒரு எழுத்தை மாற்றச் சொல்வார்கள். மறுபடி வீடு, மறுபடி பஸ். சீசன் நேரத்தில் அப்படி அலைந்தால் பிரஸ்காரர் காத்திருப்பாரா? அண்ணாச்சி பளிச்சென்று சொல்லிவிட்டார். வீட்டில் இன்டர்நெட் இருந்து, வேலை உடனுக்குடன் வந்தால் வருஷம் பூரா அவளுக்குத்தான் வேலை. இல்லையென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான்.

“அப்ப சரிப்பா” என்றாள் பானு. “திங்கக்கெழமையிலயிருந்து நானும் ஒங்க கூட கம்பெனிக்கு வாரேன். பேக்கிங்குக்கு ஆளு கேக்காகளாம்.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நாகையா பதிலுக்குக் கத்தியிருப்பார். நிஜமாகவே யோசித்து வைத்திருந்ததைப் போலச் சொன்னாள். அதுதான் அவரை உலுக்கிவிட்டது. தன்னோடு இது முடியட்டும், மகள் கம்பெனி கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. வேறு எதற்கும் அவர் சாமியிடம் போய் நின்றது கிடையாது.

கடைக்காரர் வயரைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். “இருய்யா, எடுக்காத” என்றார் நாகையா. “இருக்கட்டும். ஆனா என் சொல்படிதான் எல்லாம்.”

கம்பெனிச் சட்டம் அன்றைக்கு வீட்டுக்குள் வந்தது. மருந்து ரூமுக்கு எதிரும் புதிருமாக இரண்டு வாசல் இருக்கும். எந்தப் பக்கமும் ஓடலாம். ஆகவே கம்ப்யூட்டர், இரண்டு வாசல் உள்ள நடு அறைக்கு மாறியது. உரசினால் பொறி வரும் என்று டெரிலின் திரைச்சீலையைக் கழற்றியாயிற்று. நைலக்ஸ் உடுத்திக்கொண்டு யாரும் பக்கத்தில் வரக்கூடாது, பருத்திதான். கம்பெனியில் உள்ளே நுழையுமுன் செம்புத் தகட்டில் கை வைத்து உடம்பில் இருக்கும் கரண்டை இறக்குவார்கள். இங்கே ஜன்னல் கம்பி. ஒரு நேரத்தில் நாலு பேருக்கு மேல் அறையில் இருக்கக்கூடாது. ஒரு வாளி மணல் மேசைக்கு அடியில் வந்து உட்கார்ந்தது.

“மருந்து கலக்கும்போது ஆளு ஒருத்தன்தான் உள்ள” என்று கடைசியாகச் சொன்னார். “இங்கனயும் அப்படித்தான். இன்டர்நெட்டப் போடுறது நானு. நீங்க ரெண்டு பேரும் முத்தத்துல நிக்கணும். சீறி அடங்குன பெறகு கூப்பிடுதேன், அப்ப வாங்க.”

“ஒங்களுக்கு அதைத் தொடக்கூடத் தெரியாதேப்பா!”

“சொல்லிக்குடு. தெரிஞ்சுக்கிடுதேன்.”

தெருவிலேயே முதல் ஆளாக நாகையா இன்டர்நெட் படித்தது இப்படித்தான். ஆர்வமும் இல்லை, ஆசையும் இல்லை. சீறுகிற நேரத்தில் தன் வீட்டு ஆட்கள் உள்ளே இருக்கக்கூடாது, அவ்வளவுதான். மருந்து கலக்குகிற வேலை காலை வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். மத்தியானம் வீட்டுக்கு வந்து, நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் அலுமினியப் பொடி போகிற வரைக்கும் தேய்த்துக் குளித்துவிட்டு, ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு உட்காருவார். பானு முற்றத்தில் நின்று சத்தம் போட்டுச் சொல்லிக்கொடுப்பாள்.

“அம்புக்குறி எங்கனப்பா இருக்கு?”

“மேல ஓடிப் போயிருச்சுத்தா.”

“மௌஸக் கீள இழுங்க. அந்தரத்துல தூக்காதீக, மேசையில வச்சு இழுங்க.”

“இழுத்தா மேசை முடிஞ்சு போகுது!”

முதல் வாரம் முழுக்கத் தெருவுக்கு வேறு பொழுதுபோக்கே தேவைப்படவில்லை. பெத்தணன் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து இதைக் கேட்டபடியே சாப்பிட்டார். ஆனால் நாகையா படித்துவிட்டார். எங்கே அமுக்க வேண்டும், எப்போது நம்பரைப் போட வேண்டும், எல்லாம் விரலுக்கு வந்துவிட்டது. அமுக்கியவுடன் எழுந்து போய் ஒரு காலை வாசல்படியில் வைத்து, நிலையை இறுக்கப் பிடித்துக்கொண்டு நிற்பார். பெட்டி கத்தி, சீறி, அடங்கும். வேர்வையில் சட்டை நனைந்திருக்கும். “அடங்கிருச்சு, வாங்க!” என்று அவர் குரல் கொடுத்த பிறகுதான் பானு உள்ளே போவாள். அவளுக்கு அது சிரிப்பாக இருந்தது முதல் இரண்டு நாள்தான். அப்புறம் அந்தச் சட்டையைப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை.

பரீட்சை ரிசல்ட் வந்த அன்று ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் நம்பரோடு அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். தன்னையும் சேர்த்து நாலு பேர் கணக்காகத்தான் உள்ளே விட்டார். “நெட்டு நாகையா” என்று பெயர் வந்தது. கோபப்படுவதைப் போல நடித்தாலும் அந்தப் பெயர் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. கொஞ்ச நாளில், வானத்திலிருந்து எடுத்த மேகப் படம் அதில் வருகிறது என்று பானு காட்டிக்கொடுக்க, அதை மட்டும் தினமும் பார்க்க ஆரம்பித்தார். “கடல்ல மேகம் நிக்கு. நாளைக்கு வெடியைக் காய வைக்காதீக” என்று கம்பெனியில் போய்ச் சொல்வார். பாதி நாள் அது பலிக்கவில்லை. அதற்காக அவர் சொல்வதை நிறுத்தவும் இல்லை.

புரட்டாசி வந்தது. தீபாவளிக்கு முந்தைய நெருக்கடி; பிரஸ்ஸில் மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு நாள் காலையில், ஊருக்கு மேற்கே ஒரு சத்தம் கேட்டது. இன்டர்நெட் சத்தம் இல்லை, நிஜச் சத்தம். ஜன்னல்கள் அதிர்ந்தன. பெண்கள் தெருவுக்கு ஓடி வந்து எந்தப் பக்கம் புகை என்று பார்த்தார்கள். நாகையாவின் கம்பெனி இல்லை, வேறொன்று. இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், உயிர் இருக்கிறது என்று பெத்தணன் வந்து சொன்ன பிறகுதான் சின்னத்தாய் வாசலை விட்டு நகர்ந்தார். மத்தியானம் நாகையா வந்தார். குளித்தார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

அன்றைக்கென்று பார்த்து அண்ணாச்சி போன் செய்தார். “தாயி, அந்தப் புதுப் பெட்டி லேபிளத் திருத்தி நாலு மணிக்குள்ள அனுப்பிரு. மெஷின நிப்பாட்டி வச்சிருக்கேன். வரலைன்னா வேற ஆளுகிட்டக் குடுத்துருவேன், கோவிச்சுக்கிடாத. சீசன்ல ஒரு தடவ ஆளு மாறுனா மாறுனதுதான்.”

பானு திருத்தி முடித்தாள். நாகையா ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். அம்புக்குறியைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனார். அமுக்கவில்லை.

முற்றத்தில் நின்ற பானுவுக்கு மணி தெரியும். உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. “ஏங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டு வந்து பாருங்களேன்” என்றார் சின்னத்தாய், மெதுவாக.

“ஏத்தா பானு” என்று கடைசியில் குரல் வந்தது. “இன்னைக்கு என்னால முடியலத்தா.”

மகளிடம் முடியாது என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. இனி பஸ் பிடித்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. பானு வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள்.

“வெளிய போ” என்றார் நாகையா. “ஒருத்தர்தான் உள்ள இருக்கணும்.”

“அப்ப நீங்க வெளிய போங்க. நான் இருக்கேன்.”

அவர் எழுந்தார். வாசல்படி வரைக்கும் போனார். நிலையைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். அவளைத் தனியாக விட்டுவிட்டு அந்தப் படியைத் தாண்டக் கால் வரவில்லை. திரும்பி வந்து, ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எந்த நொடியிலும் இழுத்துக்கொண்டு ஓடத் தயாரான பிடி.

“ம். இப்ப அமுக்கு.”

பெட்டி கத்தியது. பிறகு சீறியது. நாகையா கண்ணை மூடிக்கொண்டார், பிடி இறுகியது. இவ்வளவு நாளும் இவர் இதைத் தனியாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாரா என்று பானு நினைத்தாள்.

“அடங்கிருச்சுப்பா.”

அனுப்ப ஆரம்பித்தாள். பாதியில் லைன் அறுந்தது. மறுபடி போட வேண்டும். மறுபடி அதே சீறல். மறுபடியும் அறுந்தது. அவர் “விடு” என்று சொல்லவில்லை. “போடு” என்று மட்டும் சொன்னார், கண்ணைத் திறக்காமல். கோப்பு எறும்பு ஊர்வதைப் போல நகர்ந்துகொண்டிருந்த அந்த நேரமெல்லாம் பானு வலது கை ஒன்றாலேயே வேலை பார்த்தாள். தட்டச்சு செய்ய இன்னொரு கையும் வேண்டியிருந்தது. அவள் கேட்கவில்லை.

ஒருவழியாகக் கோப்பு போய் முடிந்து, லைனைத் துண்டித்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. வலது கையாலேயே எட்டி எடுத்தாள். “வந்துருச்சு தாயி. மெஷின் ஏத்தச் சொல்லிட்டேன். நாளைக்கும் வேலை இருக்கு, பாத்துக்கோ” என்றார் அண்ணாச்சி.

“வந்துருச்சாம்ப்பா.”

நாகையா கண்ணைத் திறந்தார். தான் பிடித்திருந்த கையை அப்போதுதான் பார்த்தார். விரல் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. சட்டென்று விட்டுவிட்டு, கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினார்.

“வலிச்சா சொல்லக்கூடாதாத்தா?”

“வலிக்கலப்பா.”

“பொய் சொல்லாத.” அவர் மறுபடி தடவிக்கொடுத்தார். “நாளைக்கு அந்தப் பக்கத்துக் கையப் பிடிச்சுக்கிடுதேன்.”

“அதுலதான்ப்பா மௌஸப் பிடிக்கணும். இதையே பிடிச்சுக்கோங்க” என்று பானு இடது கையைத் திரும்ப அவரிடம் நீட்டினாள்.